இறங்கி வந்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

பெரிய பதவியில் இருந்த ஒருவர் வேறொரு நிறுவனத்தில் போய்ச் சின்ன வேலையில் உட்கார்ந்தால் நம் ஊரில் அதற்குப் பெயர் பணிவு. 'எப்பேர்ப்பட்ட மனுஷன், இங்க வந்து நோட்டு எழுதிக்கிட்டு இருக்கார் பாரு' என்று வியப்பார்கள். திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள பகுதியில், இந்த வியப்பு ஏறக்குறைய நூறாண்டுகளாகப் புழங்கி வருகிறது. அந்தப் பணிவு உண்மையா பொய்யா என்பது இக்கட்டுரையின் கேள்வி அல்ல. பெரும்பாலும் அது உண்மையாகவே இருந்திருக்கும். நமது கேள்வி வேறு. அவர் அந்தச் சின்ன வேலையைச் செய்துகொண்டிருந்த காலத்தில் அவரது சோற்றுக்கும் வேட்டிக்கும் யார் பணம் கொடுத்தார்கள்?

ஆன்மிகச் சொல்லாடலுக்குள் இந்தக் கேள்விக்கு இடமில்லை. பணம் என்றாலே வெட்கப்படாத ஓர் இடத்திலிருந்துதான் அதைக் கடன்வாங்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டு அப்படிப்பட்ட இடம். அங்கே போய்விட்டு மலையடிக்கு வருவோம்.

1

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். பல்கலைக்கழக அணிகள் ஆடும்போது லட்சம் பேர் கூடும் மைதானங்கள் அங்கே உண்டு. தலைமைப் பயிற்சியாளருக்கு ஆண்டுச் சம்பளம் பல பத்து லட்சம் டாலர். தோற்றால் துரத்திவிடுவார்கள். ஆனால் ஒப்பந்தப்படி மிச்சக் காலத்துக்கான பணத்தைக் கொடுத்தாக வேண்டும்.

டென்னசி பல்கலைக்கழகம் 2017 நவம்பரில் பட்ச் ஜோன்ஸ் என்ற தலைமைப் பயிற்சியாளரை நீக்கியது. அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 80 லட்சம் டாலருக்கு மேல். மறு ஆண்டே அவர் அலபாமா பல்கலைக்கழகத்தில் நிக் சேபன் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரின் கீழ் 'ஆய்வாளர்' என்ற பெயரில் உதவிப் பணியாளராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆண்டுக்கு 35,000 டாலர்தான் என்று பத்திரிகைகள் எழுதின. 2015இல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேலை போன ஸ்டீவ் சார்கிசியன் 2016இல் இதே இடத்துக்கு வந்தார். டெக்சாசில் தலைவராக இருந்த சார்லி ஸ்ட்ராங் 2020இல் வந்தார்.

இவ்வளவு குறைந்த சம்பளம் ஏன்? இத்தகைய ஒப்பந்தங்கள் பலவற்றில் ஒரு வரி உண்டு. நீக்கப்பட்டவர் வேறு வேலையில் சம்பாதிப்பதைப் பழைய நிறுவனம் தன் பாக்கியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். புதிய இடம் அதிகம் கொடுத்தால் அந்த லாபம் பழைய இடத்துக்குத்தான் போகும். ஆகவே புதிய இடம் பேருக்கு ஏதோ கொடுக்கிறது. பழைய முதலாளி படியளக்க, புதிய முதலாளி வேலை வாங்கிக்கொள்கிறார்.

இன்னொரு விவரமும் முக்கியமானது. மைதானத்தில் நின்று ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்களின் எண்ணிக்கைக்கு விதி வரம்பு வைத்திருந்தது. ஆய்வாளர்கள் அந்தக் கணக்கில் வராதவர்கள். எனவே மைதானத்தில் பயிற்சி தரக்கூடாது. 2024இல்தான் அந்தத் தடை போனது. அதுவரை, நேற்று ஓர் அணியையே ஆட்டுவித்தவர் இன்று அறைக்குள் உட்கார்ந்து படம் ஓட்டிப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். ஒருவகை மௌனம் அவருக்கு விதிக்கப்பட்டிருந்தது.

இந்த அமைப்பின் அடியில் இருந்தவர்கள் ஆட்டக்கார மாணவர்கள். அவர்களில் கணிசமானோர் கறுப்பினத்தவர். படிப்புச் சலுகை உண்டு, கூலி கிடையாது. தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் உரிமை 2021இல்தான் வந்தது. பல்கலைக்கழகமே வருமானத்தில் நேரடியாகப் பங்கு தரலாம் என்ற நீதிமன்ற உடன்பாடு 2025இல் வந்தது.

உச்சியில் அசைக்கமுடியாத ஒருவர், நடுவில் வேறெங்கோ படியளக்கப்படும் முன்னாள் தலைவர்கள், அடியில் கூலியற்ற உழைப்பு. இந்த மூன்று அடுக்கை மனதில் வைத்துக்கொண்டு அண்ணாமலைக்கு வருவோம்.

2

ரமணரின் தாய் அழகம்மாள் 1922 மே மாதம் இறந்தார். மலையின் தென்புறத்தில் அவரை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றி எழுந்ததுதான் ஆசிரமம். ஓலைக் கொட்டகையாகத் தொடங்கிய இடம் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கோசாலை, சமையற்கட்டு, சாப்பாட்டுக் கூடம், வேத பாடசாலை, வைத்தியசாலை என்று கல் கட்டடமாக மாறியது. இந்த மாற்றத்துக்குப் பக்தி மட்டும் போதாது. எழுத, மொழிபெயர்க்க, கணக்குப் பார்க்க, வெளிநாட்டுக் கடிதங்களுக்குப் பதில் போட ஆள் வேண்டும். அந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்?

முதலில் பி.வி. நரசிம்ம சுவாமி. சேலத்தில் பெயர்பெற்ற வக்கீல், சென்னை சட்டசபை உறுப்பினர், அரசியல் மேடைகளில் ஏறியவர். பிள்ளைகளைப் பறிகொடுத்த துயரத்துக்குப் பின் தொழிலை விட்டு வந்தார். ஆசிரமத்தில் அவர் கையில் இருந்தது விசாரிப்பவனின் நோட்டுப் புத்தகம். பழைய அடியார்களைக் கேட்டுக் கேட்டு ரமணரின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதினார். 1931இல் அது நூலாக வந்தது. சாட்சியை விசாரித்து உண்மையைத் திரட்டும் வக்கீல் பயிற்சிதான் அந்த நூலின் முதுகெலும்பு.

அடுத்து முனகால வெங்கடராமய்யா. 1935 முதல் 1939 வரை கூடத்தில் நடந்த உரையாடல்களைக் குறித்துவைத்தார். 1955இல் அச்சான அந்தக் குறிப்புகள் இல்லாமல் இன்று உலகம் அறிந்த ரமணர் இல்லை. 1940களில் இதே வேலையைச் செய்தவர் சித்தூர் வக்கீல் தேவராஜ முதலியார். 1935 நவம்பரில் வந்த மேஜர் சாட்விக் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். ஆசிரமத்துக்குள் குடில் கட்டிக்கொள்ள அனுமதி பெற்ற முதல் வெள்ளையர். ரமணரின் செய்யுள்களை ஆங்கிலமாக்கினார். கோர்ட்டில் வாதாடியவர், ராணுவத்தில் உத்தரவிட்டவர் எல்லாரும் இங்கே குறிப்பெழுத்தர்கள், மொழிபெயர்ப்பாளர்கள்.

பேர் தெரிந்த இந்தச் சிலருக்குப் பின்னால் பேர் தெரியாத ஒரு கூட்டமும் உண்டு. பிரிட்டிஷ் சர்க்கார் 55 வயதில் ஓய்வுகொடுத்து அனுப்பிய உத்தியோகஸ்தர்கள் அவர்கள். உடம்பில் தெம்பு இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது, மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. இப்படிப்பட்ட ஒருவர் எந்த நிறுவனத்துக்கும் இலாபம். கேட்பது ஒரு வேளைச் சோறும் ஒரு தரிசனமும்தான்.

ஒவ்வொருவரின் பொருளாதாரமும் ஒரே மாதிரி இல்லை. ஒருவருக்குப் பென்ஷன், ஒருவருக்கு நிலம், ஒருவருக்குத் தொழிலில் சேர்ந்தது, இன்னொருவருக்கு ஒன்றுமே மிச்சமில்லாமலும் இருக்கலாம். ஆனால் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. அவர்கள் கொண்டுவந்த திறமையை வளர்க்க ஆசிரமம் காலணா செலவு செய்யவில்லை. வரிப்பணத்தில் ஓடிய காலனியக் கல்லூரியும் கச்சேரியும் ராணுவமும் அந்தச் செலவைச் செய்திருந்தன. டென்னசி படியளக்க அலபாமா வேலை வாங்கியதுபோல, சர்க்கார் வளர்த்த திறமையை மலையடி வாங்கிக்கொண்டது. இதில் சதி ஏதுமில்லை. ஆனால் பணிவு என்ற ஒற்றைச் சொல்லால் இதை விளக்கிவிட முடியாது.

3

படி அளக்க வேறு யாரும் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள்?

அண்ணாமலை சுவாமியை எடுத்துக்கொள்வோம். 1928இல் இளைஞனாக வந்தார். இஞ்சினியர் படிப்பு கிடையாது. பத்தாண்டுகள் வெயிலில் நின்று, மேலே சொன்ன கட்டடங்களில் பெரும்பாலானவற்றின் வேலையை முன்நின்று நடத்தினார். 1938இல் அதையெல்லாம் விட்டுப் பக்கத்திலுள்ள பலாக்கொத்தில் தனியே வாழப் போனார். வேலைத்தளத்தின் தலைவராக இருந்தவருக்கு அதன்பின் ஆசிரமத்தில் எந்தப் பொறுப்பும் இல்லை. அவர் அனுபவம் விரிவான நூலாக வந்தது 1994இல், டேவிட் காட்மன் அவரிடம் கேட்டு எழுதியபோது. அதாவது ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து.

சமையற்கட்டு இன்னொரு உலகம். சாந்தம்மாள், சம்பூரணம்மாள், சுப்புலட்சுமியம்மாள், லோகம்மாள் போன்ற பெண்கள் விடியுமுன் அடுப்பு மூட்டினார்கள். ரமணரே அவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்கினார், சட்னி அரைத்தார் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. ஆனால் பொழுது சாய்ந்ததும் பெண்கள் ஆசிரமத்தை விட்டு வெளியேற வேண்டும். அது விதி. பகலெல்லாம் சமைத்த இடத்தில் இரவு தலைசாய்க்க முடியாது. சமைப்பவர் பிராமணராக இருக்க வேண்டும் என்பதும் விதி. சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம், நடுவில் ஒரு தட்டி. ரமணர் இரு பக்கத்தாருக்கும் தெரியும்படியான இடத்தில் உட்கார்ந்தார் என்று பக்தர்கள் நெகிழ்ந்து எழுதுகிறார்கள். நெகிழ்ச்சி இருக்கட்டும். தட்டி இருந்தது.

வக்கீல் குறிப்பெழுத்தராகலாம், மேஜர் மொழிபெயர்ப்பாளராகலாம், யாரும் தடுக்கவில்லை. ஒரு தலித் சமையற்காரராக முடியுமா? மேலிருந்து கீழே வரும் படி எல்லாருக்கும் திறந்திருந்தது. பக்கவாட்டிலோ கீழிருந்தோ உள்ளே வரும் வழி அடைத்திருந்தது. ஆகவே 'இறங்கி வருதல்' என்பதே ஒரு சலுகைதான். இறங்குவதற்கு முதலில் ஏறியிருக்க வேண்டும்.

எழுத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. உரையாடல்களைப் பதிவு செய்தவர்கள் ஆங்கிலம் படித்த ஆண்கள். சூரி நாகம்மா ஒரு பெரிய விதிவிலக்கு. இளமையிலேயே கணவரை இழந்த அவர் 1945 முதல் தன் அண்ணனுக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்கள் ஆசிரம இலக்கியத்தின் அழகான பகுதி. அவர் இருந்ததும் ஆசிரமத்துக்கு வெளியேதான்.

4

முன்னாள் தலைவர்களை ஒரு நிறுவனம் பயமில்லாமல் சேர்த்துக்கொள்வது எப்போது? உச்சி நாற்காலி அவர்களுக்குக் கிடைக்காது என்பது உறுதியாக இருக்கும்போது. அலபாமாவில் சேபனின் இடத்தைப் பிடிப்போம் என்று எந்த ஆய்வாளரும் கனவுகாணவில்லை. வந்தவர்கள் வேறு ஊரில் மறுபடி ஏறினார்கள்: 2021இல் சார்கிசியன் டெக்சாசில், ஜோன்ஸ் அர்கன்சாஸ் ஸ்டேட்டில். சேபன் 2024 ஜனவரியில் தானாக ஓய்வு பெறும்வரை நாற்காலி அசையவில்லை.

ஆசிரமத்தில் ரமணரின் இடம் யாரும் போட்டியிட முடியாத இடம். நிர்வாக நாற்காலியோ ரமணரின் தம்பி நிரஞ்சனானந்த சுவாமியிடம் வந்தது. அவருக்குச் சர்வாதிகாரி என்று பட்டம். இன்றைய காதுக்கு அது ஹிட்லரை நினைவூட்டும். 1930களின் தமிழகத்தில் அப்படி இல்லை; சட்டமறுப்பிலும் இந்தி எதிர்ப்பிலும் போராட்டத்தை நடத்தும் தலைவருக்கே சர்வாதிகாரி என்று பெயர். ஒருவர் சிறைபோனால் அடுத்தவர் சர்வாதிகாரி. இயக்கங்களில் அந்த நாற்காலி கைமாறிக்கொண்டே இருந்தது. ஆசிரமத்தில் 1938இல் ரமணர் பெயரில் பதிவான உயில் அதை நிரஞ்சனானந்தருக்கும், பின் அவர் மகனுக்கும், பின் அந்த வழிக்கும் உரியதாக்கியது. குருவின் ஈர்ப்பு நாளடைவில் நிர்வாகமாகவும் வாரிசுரிமையாகவும் இறுகுவதைப் பற்றி மாக்ஸ் வெபர் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

இறங்கி உட்கார மறுத்தவர் ஒருவர் உண்டு: பெருமாள் சுவாமி. மலைமேல் இருந்த காலத்திலேயே ரமணருக்குப் பணிவிடை செய்தவர், கீழே ஆசிரமம் வந்தபோது தொடக்கத்தில் நிர்வாகத்தைப் பார்த்தவர். நிர்வாகம் கைமாறியதும் ஒதுங்கினார், எதிர்த்தார், 1930களில் வழக்குப் போட்டார். அந்த வழக்குக்காக 1936இல் ரமணரே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. பக்தர் எழுத்துகளில் பெருமாள் சுவாமி அகங்காரத்தின் உருவம். அவர் செய்தவற்றில் நியாயம் இல்லாதவையும் இருந்தன. ஆனால் அவருக்கும் வக்கீல்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். வக்கீல்கள் தங்கள் தலைமையை வேறு ஊரில் விட்டுவிட்டு வந்தார்கள். பெருமாள் சுவாமி அதை இழந்தது இங்கேயே. அவர் திரும்பிப் பார்க்க ஒரு பழைய கச்சேரி இல்லை. இந்த மலையடிதான் அவருடைய மொத்த வாழ்நாள் சேமிப்பு.

5

இதை ஓர் ஆசிரமத்தின் மீதான புகாராக வாசித்தால் பாதிதான் வாசித்ததாகும். சம்பளமில்லாத சேவையைப் பெருமையாகச் சொல்லும் எல்லா நிறுவனங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். நம்மையும் சேர்த்துத்தான்.

தமிழ்ச் சிற்றிதழ்களை நடத்தியவர்கள் யார்? கல்லூரி ஆசிரியர், வங்கி குமாஸ்தா, தபால் ஊழியர், தொலைபேசி ஊழியர். இதழ் அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை, சர்க்கார் தந்தது. மனித உரிமை அமைப்புகளின் உண்மையறியும் குழுக்களில் போனவர்கள், இயக்கத்தில் பொறுப்பு முடிந்த பிறகு நூலகத்தையும் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் மூத்த தோழர்கள், இவர்களில் எத்தனை பேருக்குப் பின்னால் பென்ஷனோ துணைவியின் சம்பளமோ இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். 'அவரு அந்தக் காலத்துல மாவட்டச் செயலாளரு, இப்ப பாயிண்டர் பிடிச்சு புரூஃப் பாக்குறாரு' என்று நாமும்தான் சிலிர்க்கிறோம். முழுநேர ஊழியராக இருபது வருஷம் சைக்கிள் மிதித்துவிட்டு, பொறுப்பு போனதும் பெட்டிக்கடை வைத்தவரைப் பற்றி யாரும் சிலிர்ப்பதில்லை. கசப்பில் அவர் நாலு வார்த்தை பேசினால் அவரும் ஒரு பெருமாள் சுவாமி.

தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் நிறுத்தப்பட்டது. ஒப்பந்த வேலையும் தொகுப்பூதியமும் பெருகிவிட்டன. முன்னாள் தலைவர்கள் இறங்கி வந்து இலவசமாக உழைத்த ஏற்பாடு ஒரு குறிப்பிட்ட காலத்துப் பென்ஷனின் மேல் நின்றது. அந்தப் பென்ஷன் போய்விட்டால் ஆசிரமத்துக்கும் ஆள் கிடைக்காது, இதழுக்கும் கிடைக்காது. கிடைப்பவர்கள் சொத்துள்ளவர்களாக மட்டும் இருப்பார்கள்.

அமெரிக்கக் கணக்கில் குறைந்தபட்ச நாணயம் ஒன்று இருந்தது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது காகிதத்தில் இருந்தது. ஆட்டக்கார மாணவர்களுக்கு அதைக் காட்டிச் சண்டைபோட முடிந்தது, கொஞ்சம் வெல்லவும் முடிந்தது. நம் அமைப்புகளில் ஆண்டறிக்கை எழுதும்போது வரவு செலவுக்குக் கீழே ஒரு பத்தி சேர்க்கலாம்: இந்த வருஷம் நமக்காக உழைத்தவர்கள் யார் யார், அவர்கள் வீட்டு அடுப்பு யார் காசில் எரிந்தது, காசு இல்லாததால் வேலையை விட்டுப் போனவர்கள் யார். மூன்றாவது பட்டியலில்தான் முதலில் பெயர் எழுத வேண்டும்.