தகரப் பெட்டியும் நடுகல்லும்

போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல்லெடுத்து, அதில் அவன் பெயரும் பீடும் பொறித்து வழிபட்ட மரபு தமிழருடையது. தொல்காப்பியம் அதனைக் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளில் வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட நடுகல், ஆநிரைப் போரில் மாண்ட ஒருவனின் பெயரையும் ஊரையும் ஈராயிரம் ஆண்டுகட்குப் பின்னரும் நமக்குச் சொல்கிறது. கொங்கு நாட்டு ஊர்ப்புறங்களிலும் நடுகற்கள் பல உள. ஆயின், எண்பது ஆண்டுகட்கு முன் எங்கள் குடும்பத்திலிருந்து போருக்குச் சென்று மாண்டவருக்கு ஊரில் கல்லும் இல்லை. திதி கொடுக்க நாளும் இல்லை.

அவர் என் பாட்டனாரின் தம்பி. ‘சின்ன அப்பாரு’ என்றே வீட்டில் வழங்குவர். இரண்டாம் உலகப்போரில் படையில் சேர்ந்த இந்தியர் 25 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுள் 87,000 பேருக்கு மேல் மாண்டனர். ‘பர்மாப் பக்கம் போனவன் திரும்பவில்லை’ என்பதே எங்கள் வீட்டார் அறிந்த வரலாறு. இறந்த நாள் தெரியாமையால், பாட்டனார் ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று பேரூர் நொய்யல் படித்துறையில் தர்ப்பணம் செய்துவந்தார். கொள்ளுப்பாட்டியோ, ‘உயிரோடிருப்பவனுக்கு எதற்கு எள்ளும் தண்ணீரும்?’ என்று கேட்டுத் தம் இறுதிவரை அதனை ஏற்கவில்லை.

பழைய வீட்டைப் பிரித்தபோது தகரப் பெட்டியொன்று கிடைத்தது. அதில் மணியார்டர் துண்டுகள் ஆறும், மொய் ஏடு ஒன்றும் இருந்தன. துண்டுகளில் ஊர்ப்பெயர் இல்லை. படை இருக்குமிடம் வெளிப்படாதிருக்கப் போர்க்கள அஞ்சல் நிலையங்கட்கு எண் மட்டுமே இட்டனர். மொய் ஏடு கூடுதலாகப் பேசியது. 1941ஆம் ஆண்டுத் திருமணத்தில் சின்ன அப்பாருவின் பெயரில் இரண்டு ரூபாய் வரவு. 1946ஆம் ஆண்டுத் திருமணத்தில் அண்ணன் பெயர் மட்டும். மறைவு இவ்விரண்டு ஆண்டுகட்கும் இடைப்பட்டது என்பது இதனால் பெறப்படும்.

காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேடுகள் வீரரின் பெயர், படை எண், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றோடு, பல இடங்களில் தந்தை பெயர், ஊர், மாவட்டம் ஆகியவற்றையும் தருகின்றன. இடர்ப்பாடு எழுத்தில் இருந்தது. நம் ழகர, ளகரங்கள் ஆங்கிலத்தில் நிலைகொள்வதில்லை. ‘பாளையம்’ என ஊர்ப்பெயர் முடிந்தால் அதனை எழுத்தர்கள் நான்கைந்து விதமாக எழுதுவர். மூன்று கோடை விடுமுறைகள் இவ்வாறே கழிந்தன. இறுதியில், கோயம்புத்தூர் மாவட்டம் என்ற குறிப்போடு, தந்தை பெயரும் ஊரும் ஒருங்கே பொருந்திய பதிவொன்று கிட்டியது. ஆண்டு 1944; திங்கள் சூன். மொய் ஏடு வகுத்த எல்லைக்குள் அது அமைந்திருந்தது.

அவர் பெயர், மியன்மாரில் தௌக்கியான் என்னுமிடத்திலுள்ள இரங்கூன் நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் அங்குள்ளன. அதன் நினைவு வாசகம் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி ஆகியவற்றில் உள்ளது, தமிழில் இல்லை. தமிழ் கற்பிக்கும் எனக்கு இது நெஞ்சில் தைத்தது. எனினும் பெயராவது நின்றது. முதல் உலகப்போரின் பசுரா நினைவுச்சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் உள. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ எண்ணிக்கை மட்டுமே பொறிக்கப்பட்டது. இத்தகைய பாகுபாட்டை அவ்வாணையமே 2021இல் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பெயரும் ஊரும் பொறித்த புலிமான்கோம்பைக் கல்லை எண்ணிப் பார்க்கையில், எது நாகரிகம் என்ற வினா எழுகிறது.

வரலாறு அரண்மனைகளிலும் கோயிற்சுவர்களிலும் மட்டும் இல்லை. நம் வீட்டுப் பரண்களிலும் உள்ளது. பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தினர், பழந்தாள் கடைக்குப் போகும் மொய் ஏடுகளையும் கடிதக் கட்டுகளையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பஞ்சாங்கம் கணித்து அந்நாளின் திதியைக் குறித்துக்கொண்டோம். சென்ற ஆண்டு ஆடிக்குக் காத்திராமல், உரிய நாளிலேயே என் தமையனார் பேரூரில் நீர்க்கடன் செய்தார். கொள்ளுப்பாட்டி இருந்திருந்தால் இதனை ஏற்றிருப்பாரா என்று நான் அறியேன்.