அனஸ்தீசியா அண்ட் அனல்ஜீசியா

அனஸ்தீசியா அண்ட் அனல்ஜீசியா என்பது மயக்க மருத்துவம், வலி நீக்கம், அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னுமான கவனிப்பு ஆகியவற்றுக்கான அமெரிக்க ஆய்விதழ். சர்வதேச மயக்க ஆய்வுச் சங்கம் இதை நடத்துகிறது. 1922 ஆகஸ்டில் முதல் இதழ் வந்தபோது பெயருக்கு முன்னால் 'கரன்ட் ரிசர்ச்சஸ் இன்' என்ற சொற்களும் இருந்தன. அன்று இரு மாதத்துக்கு ஒன்றாக வந்தது, இன்று மாதந்தோறும் வருகிறது. தொடர்ந்து வெளிவரும் மயக்கவியல் இதழ்களில் மூத்தது தானே என்பது இதழின் உரிமைக்கூற்று. பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் அனஸ்தீசியா 1923-இல் தொடங்கியதால் 'தொடர்ந்து' என்ற சொல்லோடு இது பொருந்தும். ஆனால் பிட்ஸ்பர்க் நகரப் பல் மருத்துவர் ஒருவர் 1891-இல் தொடங்கிய 'டென்டல் அண்ட் சர்ஜிக்கல் மைக்ரோகாஸ்ம்' என்ற இதழையே துறையின் முதல் ஏடாகக் கொள்பவர்களும் உண்டு.

நிறுவிய ஆசிரியர் ஃபிரான்சிஸ் ஹோஃபர் மெக்மெக்கன் (1879–1939), சின்சினாட்டியின் மருத்துவக் குடும்பத்தில் பிறந்தவர். முப்பது வயதைத் தாண்டிய சிறிது காலத்தில் கடுமையான மூட்டுவாதம் அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தியது. நோயாளியின் முகத்தில் ஈதர் முகமூடியைப் பிடிக்க முடியாமல் போனவர், மயக்க மருத்துவம் என்ற துறையையே கட்டி எழுப்பும் வேலையில் இறங்கினார். சங்கங்களைத் தொடங்கினார், மாநாடுகளைக் கூட்டினார், 1914 முதல் ஓர் அறுவை மருத்துவ இதழின் காலாண்டு இணைப்பைத் தொகுத்தார். 1919-இல் உருவான தேசிய மயக்க ஆய்வுச் சங்கம்தான் மூன்றாண்டுகள் கழித்து இந்த இதழைத் தொடங்கியது. 1925-இல் அது பெயரில் 'சர்வதேச' என்பதைச் சேர்த்துக்கொண்டது.

இத்தனைக்கும் கூட நின்றவர் மனைவி லோரெட். ஒஹையோவில் ஈரி ஏரிக்கரையோர ஊரான ஏவன் லேக்கில் இருந்த வீடே சங்கத்துக்கும் அலுவலகம். கடிதப் போக்குவரத்து, மாநாட்டு ஏற்பாடு, ஆஸ்திரேலியா வரை நீண்ட பயணங்கள் எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. எது கணவர் செய்தது, எது மனைவி செய்தது என்று பிரிப்பது எளிதல்ல. பழைய வரலாறுகள் அவரைத் துணைவியார் என்று ஒரு வரியில் கடந்துவிடும்; பின்னால் எழுதியவர்கள் இணை நிறுவனர் என்றே சொல்லத் துணிகிறார்கள்.

மெக்மெக்கன் எல்லோருக்கும் இனியவராக இருக்கவில்லை. மயக்கம் கொடுப்பது மருத்துவரின் வேலை, செவிலியரின் வேலை அல்ல என்பதில் அவர் விடாப்பிடி. கிளீவ்லாந்தின் லேக்சைடு மருத்துவமனையில் செவிலியர்கள் மயக்கம் கொடுத்ததை எதிர்த்து, 1916-இல் அவருடைய முந்தைய சங்கம் ஒன்று ஒஹையோ மருத்துவ வாரியம் வரை போனது. சில ஆண்டுகளில் சட்டம் செவிலியர் பக்கமே திரும்பியது. அது தொழிற்போட்டியா, நோயாளியின் பாதுகாப்பா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

முதல் ஆண்டுகளின் கட்டுரைகளில் இன்றும் பேசப்படுவது மயக்க மருத்துவர் ரால்ஃப் வாட்டர்ஸ் 1924-இல் எழுதிய மூன்றே பக்கக் குறிப்பு. நோயாளி வெளிவிடும் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சோடா சுண்ணாம்பு நிரப்பிய குப்பியில் உறிஞ்சவைத்து, மிச்ச வாயுவை மறுபடி அவரையே சுவாசிக்க விடலாம் என்றது அது. விலையுயர்ந்த வாயு மிஞ்சியது, அறைக்குள் அது பரவுவது குறைந்தது, நோயாளியின் உடற்சூடும் ஈரமும் காக்கப்பட்டன. இன்றைய மயக்க இயந்திரத்தின் பக்கவாட்டில் நிறம் மாறும் குருணைகளோடு தெரியும் டப்பா அந்தக் குப்பியின் வழிவந்ததே.

மெக்மெக்கன் 1939 ஜூனில் மறைந்தார். அடுத்த ஆண்டே போட்டி இதழாக 'அனஸ்தீசியாலஜி' வந்தது. மான்ட்ரியாலின் ஹரால்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் 1942-இல் க்யூராரே என்ற தசைத்தளர்ச்சி மருந்தை அறுவை அரங்குக்குள் கொண்டுவந்த கட்டுரை அங்கேதான் போயிற்று. 1940 முதல் 1954 வரை ஆசிரியராக இருந்த ஹோவர்டு டிட்ரிக்கின் பெயர், இதழைவிட கிளீவ்லாந்தின் மருத்துவ அருங்காட்சியகம் வழியாகவே நிலைத்திருக்கிறது.

ஆனாலும் அவர் காலத்தில்தான் இதழின் மிகப் புகழ்பெற்ற கட்டுரை வந்தது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மகப்பேற்று மயக்க மருத்துவராக இருந்த வர்ஜீனியா ஆப்கார் 1952-இல் சங்க மாநாட்டில் பேசியதை 1953-இல் இங்கே அச்சிட்டார். குழந்தை பிறந்து ஒரு நிமிடத்தில் இதயத் துடிப்பு, மூச்சு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, தசை இறுக்கம், தோல் நிறம் ஆகிய ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண் போட வேண்டும். முழு மதிப்பு 10. காலை உணவு மேசையில் மாணவர் ஒருவர் கேட்ட கேள்விக்குக் கையில் கிடைத்த தாளில் அவர் கிறுக்கிய விடையே இது என்ற கதை பரவலாக உண்டு. கட்டுரையிலேயே ரசிக்கத்தக்க இடம் ஒன்று இருக்கிறது. ஐந்தில் மிகவும் திருப்தியற்றது நிறம்தான், பார்த்தவர்களிடையே அதிக விவாதத்தைக் கிளப்பியதும் அதுவே என்று ஆப்கார் ஒளிக்காமல் எழுதுகிறார். சிசேரியனுக்கு முழு மயக்கம் கொடுத்தபோதைவிட முதுகுத்தண்டில் ஊசி போட்டபோது குழந்தைகள் நல்ல மதிப்பெண் பெற்றன என்ற குறிப்பும் அதில் உண்டு.

மேயோ கிளினிக்கின் ஹாரி செல்டன் 1976 வரையும், யேல் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் கிரீன் 1990 வரையும், பாடநூலால் பெயர்பெற்ற ரொனால்டு மில்லர் 2006 வரையும் ஆசிரியர்களாக இருந்தனர்.

மில்லர் காலத்து இதழ்களில், 2000-இல், வாசகர் கடிதப் பகுதியில் ஒரு சிறு கடிதம் வந்தது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கிலிருந்து பீட்டர் கிராங்கேயும் இரு சக மருத்துவர்களும் எழுதியது. அறுவைக்குப் பிந்தைய வாந்தி பற்றி ஜப்பானிய மருத்துவர் யோஷிடாகா ஃபூஜி வெளியிட்ட முடிவுகள் நம்ப முடியாத அளவுக்கு அழகாக இருக்கின்றன என்று தலைப்பிலேயே குத்தியிருந்தார்கள். எந்த மருந்து கொடுத்தாலும் எல்லாக் குழுக்களிலும் தலைவலி ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் வந்திருந்தது! ஃபூஜியின் பதிலும் அச்சானது. விஷயம் அத்தோடு அடங்கியது. அதன் பிறகும் அவருடைய கட்டுரைகளை இதழ் ஏற்றது. 2012-இல் இங்கிலாந்தின் ஜான் கார்லைல் 'அனஸ்தீசியா' என்ற வேறோர் இதழில் ஃபூஜியின் 168 ஆய்வுகளைப் புள்ளியியல் வழியில் சோதித்தார். ஜப்பானிய மயக்கவியல் சங்கம் 212 கட்டுரைகளை ஆராய்ந்து 172 புனையப்பட்டவை என்றது. 2000-இல் தாங்கள் காட்டிய எதிர்வினை போதவில்லை என்று மில்லருக்குப் பின் ஆசிரியரான ஸ்டீவன் ஷேஃபர் எழுதினார்.

ஷேஃபருக்கு (2006–2016) இது மூன்றாவது தலைவலி. 2009-இல் மாசசூசெட்ஸின் ஸ்காட் ரூபன் வலி நீக்க ஆய்வுகளைப் புனைந்தது வெளிப்பட்டு, 21 கட்டுரைகள் கேள்விக்குள்ளாயின. அதே ஆண்டு இதழில் வெளியான ஜெர்மானியர் யோவாகிம் போல்ட்டின் கட்டுரையில் எண்கள் சந்தேகப்படும்படி சீராக இருப்பதாக வாசகர்கள் எழுதினார்கள். 2010 அக்டோபரில் அது திரும்பப் பெறப்பட்டது. 2011-இல் பதினாறு இதழ்களின் ஆசிரியர்கள் கூட்டாக நின்றனர்; அறநெறிக் குழுவின் ஒப்புதல் இல்லாத அவருடைய 88 கட்டுரைகள் விலக்கப்பட்டன. நோயாளிகளுக்கும் இது எட்டியது. ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச் என்ற சிரைவழித் திரவத்துக்குச் சாதகமாகப் போல்ட் எழுதியிருந்தார். அவருடைய தரவுகளை நீக்கி 2013-இல் கணக்கிட்டபோது, அந்தத் திரவம் மரணத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் கூட்டுவதாகத் தெரிந்தது. மைக்கேல் ஜாக்சனின் மரண வழக்கில் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து பற்றி 2011-இல் சாட்சி சொன்ன நிபுணரும் இதே ஷேஃபர்தான்.

அவருக்குப் பின் ஜான்-ஃபிரான்ஸ்வா பிட்டே பொறுப்பேற்றார். தனி நோயாளி அனுபவங்களுக்காக 2013-இல் தொடங்கிய துணை இதழ் 2018 முதல் 'ஏ அண்ட் ஏ பிராக்டிஸ்' என்ற பெயரில் வருகிறது. முதன்மை இதழ் 2022-இல் நூற்றாண்டைக் கண்டது.