ஓரத்தில் நிற்பவர் மட்டும் ஏன் குண்டாகத் தெரிகிறார்?

தில்லித் தமிழர் வீடுகளில் பழைய ஆல்பத்தைப் புரட்டும்போது ஒன்று கவனித்திருக்கிறீர்களா? அறுபது, எழுபதுகளில் எடுத்த படங்களில் எல்லாரும் வீட்டுக்கு வெளியேதான் நிற்பார்கள். எங்கள் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலும் நான் பார்த்த ஆல்பங்கள் அப்படித்தான். குளிர்கால வெயிலில் புல்வெளி, மொட்டை மாடி, காம்பவுண்ட் சுவர். அவர்கள் குடியிருந்த ஹால் இல்லை. சமையலறை சுத்தமாக இல்லை.

வெளிச்சம் போதாது, அதனால்தான் என்பார்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதி லென்ஸ்.

அன்று நடுத்தரக் குடும்பத்தில் கேமரா என்றால் பெரும்பாலும் அக்ஃபா கிளிக் 3. ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள். லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது, சாதாரணக் கோணம்தான். சின்ன அறையில் முதுகு சுவரில் இடிக்கும் வரை பின்னால் போனாலும் நாலு பேருக்கு மேல் அடங்க மாட்டார்கள். எட்டுப் பேர் என்றால், "எல்லாரும் வெளியே வாங்கோ!"

அகலமாகப் பிடிக்கும் லென்ஸ் அப்போது உலகத்தில் இல்லையா? இருந்தது, ஆனால் அது மனிதர்களுக்காகப் பிறந்ததல்ல. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

1840இல் வியன்னாவில் ஜோசஃப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் முகங்களை எடுப்பதற்கென்றே ஒரு லென்ஸை வடிவமைத்தார். நிமிடக் கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்த நிலையை அது மாற்றியது. ஆனால் பார்வைக் கோணம் குறுகல். நடுவில் முகம் பளிச்சென்று இருக்கும், ஓரம் மங்கிவிடும். கட்டடம் எடுப்பவர்களுக்கு நேர் எதிரான தேவை. குறுகிய தெருவில் நின்றுகொண்டு முழுக் கோபுரமும் வேண்டும். அவர்களுக்காக வந்தது 1862இல் நியூயார்க்கில் ஹாரிசனும் ஷ்னிட்சரும் காப்புரிமை பெற்ற குளோப் லென்ஸ். 1900இல் ஜெர்மனியின் கோயர்ட்ஸ் நிறுவனம் ஹைப்பர்கான் லென்ஸைக் கொண்டுவந்தது. சுமார் 135 டிகிரி! நடுவில் வெளிச்சம் அதிகமாகி ஓரம் இருண்டுவிடுமே? அதற்கு லென்ஸின் முன்னால் நட்சத்திர வடிவில் ஒரு குட்டி விசிறி. ரப்பர் பல்பை அமுக்கினால் காற்றில் சுற்றும் :-)

ஆக முகத்துக்கு ஒரு லென்ஸ், கட்டடத்துக்கு ஒரு லென்ஸ். கட்டட லென்ஸை மனிதர்கள் பக்கம் திருப்பியதும் ஆரம்பித்ததுதான் இந்த குண்டு விவகாரம்.

வைட் ஆங்கிள் லென்ஸ் நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டும்படி செய்யப்பட்டது. சுவர் வளையாது. அதற்கு விலையாக, ஓரத்தில் இருக்கும் உருண்டையான பொருள் பக்கவாட்டில் இழுபடும். மனிதத் தலை உருண்டைதானே? 36 மி.மீ. அகலப் பிலிம், 9 அடி தூரம், வரிசையாக ஆட்கள் என்று வைத்து நான் போட்ட கணக்கு:

50 மி.மீ. – ஆறரை அடி அகலம் அடங்கும். கடைசி ஓரத்தில் தலை 6 சதவீதம் அகலமாகும்.
35 மி.மீ. – ஒன்பதேகால் அடி. 12 சதவீதம்.
28 மி.மீ. – பதினொன்றரை அடி. 19 சதவீதம்.
24 மி.மீ. – பதின்மூன்றரை அடி. 25 சதவீதம்.

ஆளுக்கு ஒன்றரை அடி என்றால் 50இல் நாலு பேர், 35இல் ஆறு பேர், 24இல் ஒன்பது பேர். ஆனால் 24இல் கடைசியில் நிற்கும் அத்தைக்குக் கால்வாசி உடம்பு கூடிவிடும். லென்ஸ் பொய் சொல்கிறது என்று சொல்ல முடியாது. அந்தப் படத்தை 10 அங்குல அகலத்தில் பிரிண்ட் போட்டு, 7 அங்குல தூரத்தில் ஒற்றைக் கண்ணால் பாருங்கள், அத்தை சரியாகிவிடுவார். யாரும் அப்படிப் பார்ப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

இந்தத் தில்லியிலேயே பெரிய கைகள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சந்தித்துவிட்டுப் போன ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், அன்றிரவே பிர்லா மாளிகை வாசலில் நேரு மரணச் செய்தியை அறிவிப்பதைப் படமெடுத்தார். அவர் வாழ்நாளில் பெரும்பாலும் பயன்படுத்தியது 50 மி.மீ. லென்ஸ். 1942இல் தில்லிக்கு வந்து 1970 வரை இங்கே படமெடுத்த ஹோமாய் வியாரவாலா கையில் ஸ்பீட் கிராஃபிக்கும் ரோலைஃப்ளெக்ஸும். ரோலைஃப்ளெக்ஸில் லென்ஸ் மாற்ற முடியாது. அகலம் வேண்டுமானால் 1961இல் வந்த 55 மி.மீ. ரோலைஃப்ளெக்ஸ் வைட் என்ற தனிக் கேமராவையே வாங்க வேண்டும்!

எஸ்.எல்.ஆர். கேமராவில் இன்னொரு தடை. உள்ளே கண்ணாடி மேலும் கீழும் ஆடுவதால் லென்ஸைப் பிலிமுக்கு நெருக்கமாக வைக்க இயலாது. 1950இல் பிரான்ஸின் ஆஞ்செனியூ நிறுவனம் 'ரெட்ரோஃபோகஸ்' என்ற 35 மி.மீ. லென்ஸில் இதைத் தீர்த்தது. அதன் பிறகுதான் பத்திரிகைக்காரர் பையில் வைட் லென்ஸ் சாதாரணமானது. 1966இல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் சேர்ந்த ரகு ராய் எடுத்த தில்லித் தெருப் படங்களைப் பாருங்கள். ஒரே சட்டத்துக்குள் பத்துப் பேர் பத்து வேலை செய்துகொண்டிருப்பார்கள். நியூயார்க்கில் வில்லியம் க்ளைனும் கேரி வினோகிராண்டும் 28 மி.மீ. லென்ஸோடு கூட்டத்துக்குள்ளேயே புகுந்தார்கள். தள்ளி நின்று எல்லாரையும் அடக்குவதற்கு அல்ல, கிட்டே போவதற்குத்தான் வைட் என்பது இவர்கள் கண்டுபிடிப்பு.

பள்ளிக்கூட குரூப் போட்டோவில் வளைவாக நிற்க வைப்பார்களே, அது இங்கே உதவுமா? உதவாது. 1904இல் வந்த சர்க்கட் போன்ற சுழலும் கேமராவுக்குத்தான் அந்த வளைவு. கேமராவே திரும்பிக்கொண்டு போவதால் வளைவாக நின்றவர்கள் படத்தில் நேராகத் தெரிவார்கள். (ஒரு முனையில் நின்ற பையன் பின்னால் ஓடி மறுமுனையிலும் தலைகாட்டிய கதைகள் உண்டு.) சாதாரண வைட் லென்ஸ் முன் வளைவாக நின்றால் ஓரத்து ஆள் இன்னும் பெரிதாகத்தான் தெரிவார்.

இன்று நம் எல்லார் சட்டைப்பையிலும் வைட் லென்ஸ்தான். போனின் முக்கிய கேமரா பழைய கணக்கில் 24 முதல் 28 மி.மீ. வரை. 0.5 என்று தொட்டால் பல போன்களில் 13க்குப் போய்விடும். அதில் ஓரத்துத் தலை ஒன்றரை மடங்குக்கும் மேல் அகலம். சில போன்கள் முகத்தை மட்டும் மென்பொருளால் திருத்தப் பார்க்கின்றன. கைநீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாவது மட்டும் லென்ஸ் குற்றமில்லை, தூரத்தின் குற்றம். 12 அங்குலத்தில் எடுத்தால், ஐந்தடியில் எடுப்பதைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

அதனால் குடும்பப் படத்துக்கு என் சிபாரிசு 35. அறை சின்னது என்றால் 28, ஆனால் இரண்டு பக்கமும் ஓர் ஆள் அளவு இடம் விட்டு, இரண்டு வரிசையாக. பாட்டி தாத்தா நடுவில். கேமராவை அண்ணாந்தும் குனிந்தும் சாய்க்காமல் நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடியுங்கள். ஓரத்தில் யாரையும் நிறுத்தாதீர்கள், முக்கியமாக எப்போதும் "நான் இங்கேயே நிக்கறேன்" என்று ஒதுங்கும் அம்மாவை.

குரூப் போட்டோ முடிந்ததும் அதே 28ஐ எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போங்கள். அரசு குவார்ட்டர்ஸ் யாருக்கும் சொந்தமில்லை, ரிடையர் ஆனால் சாவியைக் கொடுத்தாக வேண்டும். பக்கத்து சரோஜினி நகர், நேதாஜி நகர் உட்பட ஏழு காலனிகளை இடித்துக் கட்ட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்த வீடுகளின் மேடையில் எத்தனை அம்மாக்கள் முப்பது வருஷம் தோசை வார்த்திருப்பார்கள்? மொட்டை மாடிப் படத்தில் அந்த மேடை தெரியாது. அம்மாவுக்கு மூன்றடி பக்கத்தில் நின்று, அவரைச் சட்டத்தின் நடுவில் வைத்து எடுங்கள். கிரைண்டர், அஞ்சறைப் பெட்டி, ஜன்னலில் காயும் துணி எல்லாம் தானாக உள்ளே வந்துவிடும். ஓரத்தில் இழுபடட்டும் பரவாயில்லை, கிரைண்டர் கோபித்துக்கொள்ளாது.