டிப்ளோர் (ஆங்கில வினைச்சொல்)

டிப்ளோர் என்பது ஒரு செயலை அல்லது நிலைமையை ஏற்கவே முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லப் பயன்படும் ஆங்கில வினைச்சொல் ஆகும். தமிழில் இதைப் பெரும்பாலும் ‘கண்டித்தல்’ என்றே பெயர்க்கிறோம். ஆனால் கண்டித்தலுக்கு ஆங்கிலத்தில் கண்டெம் என்ற வேறொரு சொல் உண்டு. (கண்டெம், கண்டனம் இரண்டும் ஒலியில் நெருங்கினாலும் உறவில்லாதவை. முன்னது இலத்தீன், பின்னது வடமொழி.)

டிப்ளோரின் மூலம் ‘டெப்ளோராரே’ என்ற இலத்தீன் சொல். கதறி அழுவது என்று பொருள். கெஞ்சி மன்றாடுவதைக் குறிக்கும் இம்ப்ளோரும் அதே வேரில் பிறந்ததுதான். பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது டிப்ளோர் இழப்பை எண்ணிப் புலம்புவதையே குறித்தது. எதிர்ப்புப் பொருள் பின்னால் சேர்ந்தது. கண்டெம் அப்படியல்ல, தண்டனை விதிக்கும் நீதிபதியின் சொல் அது. இதனால்தான் ஒருவரையே கண்டெம் செய்யலாம். டிப்ளோர் என்றாலோ பொதுவாக அவர் செய்த செயலைத்தான் சொல்வார்கள்.

இந்தப் பழைய அழுகையும் புதிய எதிர்ப்பும் ஒரே ஆவணத்தில் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். 1960 மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில், கறுப்பின மக்கள் எங்கு சென்றாலும் அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது காவல்துறை சுட்டது. 69 பேர் இறந்தனர். ஏப்ரல் 1 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 134ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 9, எதிர்ப்பு இல்லை. பிரிட்டனும் பிரான்சும் வாக்களிக்கவில்லை. அதில் டிப்ளோர் இரு முறை வருகிறது. முதலில் இத்தனை ஆப்பிரிக்கர்களின் உயிர் போனதற்காக, கூடவே குடும்பங்களுக்கு அனுதாபம். அடுத்த வரியில் அந்நிலைக்குக் காரணமான அரசின் கொள்கைகளுக்காக. முதலாவது ஒப்பாரி, இரண்டாவது கண்டிப்பு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ஏதாவது ஒன்று கெட்டுவிடும். 1964 ஜூனில் நிறைவேறிய 191ஆம் தீர்மானம் நிறவெறிக் கொள்கையைக் கண்டெம் என்ற சொல்லாலேயே சாடியது.

2016இல் ஹிலாரி கிளின்டன் எதிரணி ஆதரவாளர்களில் பாதிப் பேரை ‘டிப்ளோரபிள்ஸ்’ என்றார். செயலுக்குரிய சொல்லை மனிதர் மீது ஒட்டியதுதான் அங்கே சுட்டது. அவர்களோ அதையே சட்டையில் அச்சிட்டு அணிந்துகொண்டார்கள்.

தூதர்கள் இச்சொற்களை எடை போட்டே பயன்படுத்துகிறார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்பு குறித்துப் பாதுகாப்பு அவைக்கு வந்த வரைவில் கண்டெம் நீக்கப்பட்டு டிப்ளோர் சேர்க்கப்பட்டது. சீனா எதிர்த்து வாக்களிக்காமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். சீனாவும் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் வாக்களிக்காமல் ஒதுங்கின. 11 நாடுகள் ஆதரித்தும் ரஷ்யாவின் வீட்டோவால் அது தோற்றது. மார்ச் 2 அன்று பொதுச்சபை 141 வாக்குகளுடன் நிறைவேற்றிய தீர்மானத்திலும் ஆக்கிரமிப்புக்கு டிப்ளோர்தான், ‘மிகக் கடுமையான சொற்களில்’ என்ற அடையுடன். அணு ஆயுதப் படைகளை உஷார்ப்படுத்திய முடிவுக்கு அதே தீர்மானம் கண்டெம் என்ற சொல்லை வைத்தது.