சோவியத் அரசியல் பரபரப்புப் படங்களில் துப்பாக்கிகள்

சோவியத் உளவு, அரசியல் பரபரப்புப் படங்களில் அடிக்கடி தென்படுபவை நகான் சுழல்துப்பாக்கி (1895), டோக்கரெவ் டி.டி. (1933), மக்காரொவ் (1951) ஆகியவை. படப்பிடிப்பில் குண்டு இல்லாத வெற்றுத் தோட்டாவே வெடிக்கும். 7 தோட்டா கொள்ளும் நகானில் உருளையைச் சுழற்றுவது சுடுபவரின் விரல். வெற்றுத் தோட்டாவால் அதற்குச் சிக்கலில்லை. டோக்கரெவோ பின்னுதைப்பால் இயங்குவது. குண்டு இல்லாவிட்டால் உதைப்பு போதாது. குழலுக்குள் அடைப்பு வைத்து வாயு அழுத்தத்தைக் கூட்டினால்தான் அடுத்த தோட்டா ஏறும்.

தத்தியானா லியோஸ்னோவாவின் ‘வசந்தத்தின் பதினேழு கணங்கள்’ (1973, 12 பகுதிகள்) தொலைக்காட்சித் தொடரில் சுடும் காட்சிகள் சொற்பம். ஏரிக்கரையில் ஒற்றன் கிளவுஸைக் கதாநாயகன் ஸ்டிர்லிட்ஸ் சுட்டுக் கொல்வதைக் காட்டிலும், கொனியாக் பாட்டிலால் கெஸ்டபோ அதிகாரி ஹோல்டாஃபின் மண்டையில் அவர் போடும் அடிதான் மனத்தில் நிற்கிறது.