கஞ்சி, திப்பி, பாக்கு மட்டை

சேலம் நகரின் கிழக்குப் பகுதியான அம்மாபேட்டை தறிகளால் வளர்ந்த ஊர். மாவுப்பொருளை உணவுக்கு வெளியே ஒரு தொழிற்பொருளாக இந்த வட்டாரம் கையாளத் தொடங்கியது தறிகளின் பொருட்டுத்தான். பருத்திப் பாவுக்கு அரிசிக் கஞ்சி ஏற்றி, பாவடியில் நீளமாக இழுத்துக் கட்டி, நீவி உலர்த்துவார்கள். கஞ்சி ஏறிய இழை விறைப்பாகி, விழுதிலும் அச்சிலும் உராயும்போது அறாமல் நிற்கும். துணி நெய்து முடிந்ததும் அந்தக் கஞ்சிக்கு வேலை இல்லை. சலவையில் நீரோடு போய்விடும். தேவை உள்ளவரை பிடித்து நின்று, தேவை முடிந்ததும் கரைந்துவிடும் பூச்சைத்தான் இன்றைய ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன. நெசவுத் தெருக்களில் அது அன்றாட வேலையாக இருந்தது.

பொதி கட்டும் பொருள்களும் அப்படியே, தேவை முடிந்ததும் மக்கிப்போகிறவை. சில வேறொரு தொழிலின் மிச்சமாகக் கிடைத்தவை. பூவைத் தொடுக்க வாழை நார், கடைப் பொட்டலத்துக்குத் தேக்கிலை, தாமரை இலை. மாம்பழம் மூங்கில் கூடையில் வைக்கோல் மெத்தைமேல் ஊர் விட்டு ஊர் போனது. விருந்துக்கு வாழையிலை. அது ஓரிரு நாளில் வாடிவிடும் என்பதால், இருப்பு வைத்து விற்க மந்தாரை இலை. மலைப் பக்கங்களில் பறித்த இலைகளை ஈர்க்கால் தைத்து, காயவைத்து, கட்டுக் கட்டாக அடுக்கினால் மாதக்கணக்கில் கெடாது. பரிமாறும் முன் தண்ணீர் தெளித்தால் போதும். வீட்டிலிருந்தபடியே பெண்கள் செய்த இந்த வேலைக்குக் கிடைத்த கூலி சொற்பம். பழைய இலைத் தொழில்களைப் புகழ்வோர் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

நாமக்கல் முட்டைக்கும் இத்தகைய ஒரு பொதி உண்டு. முப்பது குழிகள் கொண்ட முட்டை அட்டை, கழிவுத்தாளை ஊறவைத்துக் கூழாக்கி, அச்சில் உறிஞ்சி, உலர்த்திச் செய்யப்படுவது. ஆண்டுக்கணக்காகக் கண்முன் இருந்தும் மக்கும் பொதியலைப் பற்றிய பேச்சில் இது அதிகம் அடிபடுவதில்லை.

சேலம் வட்டாரத்தின் பெரிய திருப்பம் இரண்டாம் உலகப் போரில் வந்தது. மலேயா, ஜாவா பக்கமிருந்து வந்த ஜவ்வரிசியின் வரத்துப் போரால் நின்றது. சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், மலேயாவில் அந்தத் தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் 1943 வாக்கில் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் வேலையை இங்கே தொடங்கினர். கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, பாலைச் சல்லடையில் வடித்து, மாவைத் தெளியவைத்து, குருணையாக உருட்டி வறுப்பது அன்றைய குடிசைத் தொழில் முறை. தட்டுப்பாடு நீங்கிய பிறகும் தொழில் நின்றுவிடவில்லை. சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைகள் பெருகின. உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981இல் பதிவாகி, 1982இல் இயங்கத் தொடங்கியது. 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது.

ஆலை மாவில் ஒரு பங்கு தறிக்கே திரும்பியது. விசைத்தறிக்குப் பாவு தயாரிக்கும் சைசிங் ஆலைகள் கிழங்கு மாவை வாங்கின. அட்டைப்பெட்டி ஒட்டும் பசைக்கும் அது போனது. சல்லடையில் தங்கும் சக்கையான திப்பியை வெட்டவெளியில் பரப்பிக் காயவைத்து, மாட்டுத் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் விற்றனர். காய்ந்த திப்பியில் பாதிக்கு மேல் மாவுப்பொருளே மிஞ்சியிருக்கும். அந்த அளவுக்குப் பழைய வடிப்பு முறை விரயம் மிக்கது. ஆலைக் கழிவுநீர் ஓடைகளைப் புளிக்கவைத்த காலமும் உண்டு. தானாக மக்கும் பொருளும் அளவு மீறிக் கொட்டினால் நீரைக் கெடுக்கும் என்பதற்குச் சேலத்தைவிட நல்ல சான்று தேட வேண்டாம். பின்னர் பல ஆலைகள் அந்த நீரிலிருந்து எரிவாயு எடுக்கத் தொடங்கின.

இதே மாவைப் பிளாஸ்டிக்காக்கும் முயற்சி திருவனந்தபுரத்தில் நடந்தது. 1963இல் அமைந்த மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், பாலித்தீனில் 40 விழுக்காடு வரை மரவள்ளி மாவைக் கலந்து தாள் செய்யும் முறையை உருவாக்கியது. அதில் மண் மாவைத் தின்றுவிடும். பாலித்தீன் துணுக்காகக் கிடக்கும். மாவை மட்டும் கிளிசரினோடு சூடாக்கி இளக்கினால் முழுதும் மக்கும் தாள் கிடைக்கும், ஆனால் அது தண்ணீர் பட்டால் தாங்காது. பாவில் கஞ்சிக்கு வரமாக இருந்த குணம் பையில் குறையாகிறது. அதனால் சந்தையில் உள்ள மாவுப் பைகளில் மக்கும் பாலியஸ்டரும் கலந்திருக்கிறது. அது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. ‘கிழங்குப் பை’ என்ற பெயர் பாதி உண்மைதான்.

தமிழ்நாடு அரசு 2018 ஜூன் 5 அன்று அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்தது. ஐஎஸ்ஓ 17088 தரத்துக்கு உட்பட்ட மக்கும் பைகளுக்கு விலக்கு இருந்தது. அந்தத் தரத்துக்கான சோதனை ஏறக்குறைய 58 பாகை வெப்பமுள்ள உரக்கூடத்தில் நடப்பது. தெருவோரச் சாக்கடையில் அந்த வெப்பம் இல்லை.

தடையால் பெரிதும் பயன் பெற்றது பாக்கு மட்டை. சேலம் மாவட்டத்தின் வாழப்பாடி, பேளூர், பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர் பக்கங்களில் பாக்குத் தோப்புகள் நெடுங்காலமாக உண்டு. முதிர்ந்த ஓலை தானாகக் கழன்று விழும்போது, தண்டைச் சுற்றியிருந்த மட்டையும் சேர்ந்து விழும். முன்பு அது விசிறிக்கும் அடுப்புக்கும் போக, எஞ்சியது தோப்பிலேயே மக்கியது. தட்டு செய்ய மட்டையைக் கழுவி, ஊறவைத்து, சூடான அச்சில் அழுத்தினால் போதும். பசை வேண்டாம், பூச்சு வேண்டாம். மட்டையின் நாரே வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓரம் வெட்டிய துண்டுகள் மீண்டும் உரத்துக்குப் போகும். மழைக்காலம்தான் தொழிலின் எதிரி: ஈர மட்டையில் பூஞ்சை பிடித்தால் தட்டு கறுத்துவிடும், விலை போகாது. எனவே கோடையிலேயே மட்டை வாங்கிச் சேர்த்துவைக்கப் பணமும் இடமும் உள்ளவரே நிலைக்கிறார். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டைவிட விலை கூடுதல் என்பதால், தடையைக் கண்காணிப்பது தளரும்போதெல்லாம் உள்ளூர் விற்பனையும் தளர்கிறது.

2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் துணிப்பையை மறுபடி கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது. அம்மாபேட்டை போன்ற நெசவு ஊர்களுக்கு இது பொருத்தமான வேலைதான். ஆனால் மலிவான பைத்துணி விசைத்தறியில் ஓடுவது, கைத்தறிக்கு அதில் கூலி கட்டாது.

மட்டைத் தட்டுக்கு ஏற்றுமதியில் வந்த அடி எதிர்பாராதது. பாக்கில் உள்ள ஆல்கலாய்டுகள் தட்டிலிருந்து உணவுக்குள் இறங்கக்கூடும் என்று கூறி, பாக்கு மட்டைத் தட்டுகளை உணவுக்குப் பயன்படுத்துவது பாதுகாப்பானதென ஏற்க முடியாது என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் அறிவித்தது. இயற்கையில் கிடைத்தது என்பதே பாதுகாப்புக்குச் சான்றாகாது. மட்டையிலிருந்து உணவில் இறங்குவது என்ன, எவ்வளவு என்று அளந்து காட்டும் பொறுப்பு இத்தொழிலுக்கு வந்திருக்கிறது.