துரோமானா வாயிலும் 'இந்து' என்னும் பெயரும்

அயர்லாந்தின் தென்பகுதியில், வாட்டர்போர்டு மாவட்டத்தில், பிளாக்வாட்டர் ஆற்றின் கரைமேல் துரோமானா மாளிகை அமைந்துள்ளது. அதன் நிலத்துள் நுழையும் வழி ஒன்று பினிஸ்க் என்னும் சிற்றாற்றைப் பாலத்தால் கடக்கின்றது. அப்பாலத்தின் முனையில் நிற்கும் வாயிலே ஈண்டு நம் ஆய்வுக்குரியது. கட்டடக்கலை நூலோர் இதனை 'இந்து-காதிக்' பாணிக்கு அரிய சான்று என்பர். அப்பெயரின் முற்பகுதி பொருந்துமா என ஆராய்வாம்.

பிரித்தானிய, அயர்லாந்துப் பெருநிலக்கிழார் தம் மாளிகைக்குச் செல்லும் வண்டிப்பாதையின் தலைப்பில் வாயில் ஒன்றும், அதனைத் திறந்து மூடுவோன் குடும்பத்தோடு வாழ்தற்குரிய சிறு மனையும் எழுப்புதல் வழக்கம். விருந்தினர் முதற்கண் காண்பது இதுவே. மாளிகையிற் செய்யத் துணியாத புதுமைகளை இங்கே செய்து பார்த்தோரும் உண்டு. துரோமானாவில் வண்டி புகும் வளைவும் காவலர் மனைகளும் ஒரே கட்டடமாக இணைந்துள்ளன. சாளரங்கள் கூர்முனை வளைவுடையன; இது காதிக் கூறு. நடுவளைவின் மேல் வெங்காய வடிவில் செப்புத் தகடு வேய்ந்த கும்மட்டமும், அதனைச் சூழ மெலிந்த தூபிகளும் எழுகின்றன. இவையே 'இந்து' எனப்பட்டவை.

1826-இல் இந்நிலத்தின் தலைவர் ஹென்றி வில்லியர்ஸ் ஸ்டூவர்ட், கத்தோலிக்கர் உரிமைக்கு ஆதரவாக நின்று, டேனியல் ஓ கானலின் துணையோடு, செல்வாக்கு மிக்க பெரஸ்போர்டு குடும்பத்தாரைத் தேர்தலில் வென்றார். அவ்வாண்டே தெரேசியா பவுலின் ஆட் என்னும் நங்கையை மணந்தார். மணமக்களை வரவேற்கக் குடியானவர்கள் மரம், துணி, காகிதக்கூழ் ஆகியவற்றால் ஒரு வாயில் சமைத்தனர் என்றும், அதனைக் கண்டு மகிழ்ந்த இருவரும் பின்னர் அதனை நிலையாகக் கட்டுவித்தனர் என்றும் வழிவழிச் செய்தி கூறும். மார்ட்டின் டே என்பார் வரைந்த 1849-ஆம் ஆண்டு வரைபடம் கிடைத்துள்ளமையின், பிற்பட்ட கட்டடத்தை அக்காலத்தை ஒட்டியதாகக் கொள்ளலாம்.

இனிப் பெயருக்கு வருவோம். வெங்காயக் கும்மட்டமும் தூபியும் முகலாயர் கட்டடங்களுக்கு உரியவை. இந்துக் கோயில் மரபைச் சார்ந்தவை அல்ல. இங்கிலாந்தில் ஜான் நாஷ் 1815 முதல் 1823 வரை மாற்றியமைத்த பிரைட்டன் அரண்மனையே இவ்வாயிலுக்கு முன்மாதிரி. அங்கும் முகலாய வடிவமே ஓங்கி நிற்கின்றது. அக்கால ஆங்கிலேயர் 'இந்து' என்ற சொல்லைச் சமயம் கருதாது, இந்துஸ்தானத்தைச் சார்ந்த எதற்கும் வழங்கினர் எனக் கொள்வதே பொருத்தம்.

தமிழகக் கலையை அறியாமையால் இது நேர்ந்தது என்று கூறுதல் சாலாது. தாமஸ் டேனியலும் அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792-இல் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தென்னாட்டைச் சுற்றினர். 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 ஓவியங்களில் தஞ்சைப் பெரிய கோயிலும், மதுரை நாயக்கர் அரண்மனையும், திருச்சிராப்பள்ளி மலையும், மாமல்லபுரமும் உள்ளன. செல்வர் இல்லங்களில் இவை விரும்பிப் பார்க்கப்பட்டன. ஆயினும், வாயிலைத் தனிப் பெருங்கட்டடமாக வளர்த்த கோபுரம் அங்கே சென்றிலது!

காரணம் கட்டுமானத்திலேயே உளது என்பது எம் கருத்து. கோபுரம் கல்லாலாகிய அடித்தளத்தின் மேல் செங்கல்லும் சுதையும் அடுக்கடுக்காய்ச் சுருங்கி எழுவது. அதன் பொலிவு பருமையிலும் சிற்பச் செறிவிலும் உள்ளது. சிறு மனைகளின் இடையே அதனைக் குறுக்கி வைத்தல் இயலாது. கும்மட்டமோ, சிறிய வளைவின் மேலும் எளிதில் அமரும். மேலும், கூர்முனை வளைவு காதிக்குக்கும் முகலாயருக்கும் பொதுவாதலின், இரண்டும் முரணின்றி இணைந்தன. திருவுருவங்கள் செறிந்த கோபுரத்தைக் கிறித்தவ நிலக்கிழார் தம் வாயிலில் ஏற்றிருப்பரோ என்பதும் எண்ணத்தக்கது.

துரோமானா மாளிகையின் ஒரு பகுதி 1960-களில் இடிக்கப்பட்டது. அதே பத்தாண்டில் அயர்லாந்து ஜார்ஜியக் கழகம் வாயிலைப் பழுதுபார்த்துக் காத்தது.

உண்மையான இந்து உருவங்களைத் தேடுவோர் இங்கிலாந்தின் செசின்கோட்டுக்குச் செல்லல் வேண்டும். அங்கும் மாளிகையின் முடியில் இருப்பது கும்மட்டமே. ஆனால் தோட்டத்தில் தாமஸ் டேனியலின் திட்டப்படி சூரியனுக்கு ஒரு சிறு கோயில் உண்டு. பாலத்தின் மேல் நந்திகள் அமர்ந்திருக்கின்றன.